மாமூல் பாதை என்றால் நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. சென்னை வேளச்சேரியில் இருக்கிறோம். வேலையை விட்டுவிட்டு திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நிலம் வாங்கி, சின்னதாக வீடு கட்டி, இரண்டு மாடு, கொஞ்சம் முருங்கை என்று இருந்துவிடலாம் என நானும் மனைவியும் முடிவெடுத்திருக்கிறோம். 1 ஏக்கர் 80 சென்ட் புஞ்சை பிடித்திருக்கிறது. ரோட்டோரம் ஏக்கர் 22 லட்சம் சொல்கிறார்கள். இது 14 லட்சம்தான். 30 வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் பட்டா நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டா. தார் ரோட்டிலிருந்து இன்னொருவருடைய முருங்கைக் காடு வழியாக 300 அடி உள்ளே போக வேண்டும். "மாமூல் பாதை சார், தாத்தா காலத்திலிருந்து வண்டி போகுது" என்கிறார் புரோக்கர். இந்த வாரமே 3 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நிலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதிருக்கும் நிலையில் பணம் கை மாறக் கூடாது. உங்களுக்கு இரண்டு சிக்கல் இருக்கிறது. கூட்டுப் பட்டாவை, விற்பவர் குடும்பம் ஒத்துழைத்தால், கொஞ்சம் அலைந்து சரி செய்துவிடலாம். பாதை அப்படி இல்லை. அது விற்பவர் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. நடுவில் இருக்கும் காட்டுக்காரர் கையில் இருக்கிறது.

இத்தனை நாள் யாரும் தடுக்கவில்லை என்பதற்கு மேல் 'மாமூல் பாதை' என்ற பேச்சுக்கு மதிப்புக் கிடையாது. ஒரே ஊர்க்காரர், மாமன் மச்சான், ஏரோட்டிக்கொண்டு போகிறார் என்று விட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கினால் போகப்போவது போர் போடும் லாரியும் ஜல்லி ஏற்றிய டிப்பரும். முருங்கைக்கு நடுவில் டயர் தடம் விழுந்த மறுநாள் குறுக்கே முள்ளை வெட்டிப் போடுவார்கள். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அது அவருடைய பட்டா நிலம். அப்புறம் முன்சீப் கோர்ட்தான். பாதை வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்று அந்த ஊர் டீக்கடையிலேயே விசாரித்துப் பாருங்கள். நிம்மதி தேடிப் போகிறவர் பக்கத்துக் காட்டுக்காரரோடு வழக்குப் போட்டுக்கொண்டா குடியேறுவது? ரோட்டோர விலைக்கும் உங்களுக்குச் சொன்ன விலைக்கும் இருக்கும் 8 லட்சம் வித்தியாசம் அந்த 300 அடிக்காகத்தான். இது புரோக்கருக்கு நன்றாகவே தெரியும்.

முதல் வேலையாக அந்த சர்வே எண்ணுக்கும் நடுவில் உள்ள சர்வே எண்ணுக்கும் புலப்படம், அதாவது எல்லையும் அளவும் காட்டும் நில வரைபடம் எடுங்கள். எஃப்.எம்.பி. என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். அரசின் இ-சேவை தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதே இடத்தில் 'அ' பதிவேடும் பாருங்கள், எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று அதில் இருக்கும். ஊருக்குப் பொதுவான வண்டிப்பாதை என்றால் அதற்குத் தனி சர்வே எண்ணோ உட்பிரிவு எண்ணோ இருக்கும். 'அ' பதிவேட்டில் புறம்போக்கு, பாதை என்று எழுதியிருக்கும். அப்படி இருந்தால் கவலையை விடுங்கள், யாரும் மறிக்க முடியாது. பதிவேட்டைப் புரட்டும்போது உங்கள் நிலம் பஞ்சமி நிலமா என்பதையும் பார்த்துவிடுங்கள். 1892-இல் வெள்ளைக்கார அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால் செல்லாது. கொடுத்த பணமும் திரும்பாது.

அந்தப் பக்கத்து வறண்ட பூமியில் இன்னொன்றும் நடக்கும். பாதை என்று உங்களைக் கூட்டிப்போன தடம் உண்மையில் ஓடையாக இருக்கலாம். பத்து மாதம் தண்ணீர் இல்லாததால் மணல் இறுகி வண்டித்தடம் மாதிரியே தெரியும். பதிவேட்டில் அது ஓடைப் புறம்போக்கு. ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் போக முடியாது. மண் கொட்டி மேடாக்கினால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும்.

பாதை பதிவேட்டில் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகச் சொல்லித்தான் புரோக்கர்கள் ஏமாற்றுகிறார்கள். உங்கள் நிலமும் நடுவில் உள்ள முருங்கைக் காடும் ஒரு காலத்தில் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்து, பிறகு பாகம் பிரித்தோ விற்றோ முன்பாகம் ஒருவருக்கும் பின்பாகம் இன்னொருவருக்கும் போயிருந்தால், பின்பாகத்துக்குப் போக வேறு வழியே இல்லாதபோது முன்பாகத்தின் வழியாகப் போகும் உரிமையை 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தருகிறது. பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள 30 வருட வில்லங்கம் போதாது. இரண்டு நிலத்துக்கும் மூலப் பத்திரம் வரை போக வேண்டும். ஒரே கை என்று தெரிந்தாலும், வேறு பக்கம் ஒரு வழி கிடைத்த அன்றைக்கு இந்த உரிமை போய்விடும். எவ்வளவு அகலம், லாரி போகலாமா என்ற தகராறும் தனியாக நிற்கும்.

இன்னொரு உரிமை, 20 வருடம் இடைவிடாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையோடு போய்வந்தால் கிடைப்பது. 'உரிமையோடு' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அண்ணே, வண்டி போய்க்கட்டுமா?" என்று கேட்டு, அவர் "போப்பா" என்று விட்டிருந்தால் அது அனுமதி. அனுமதியில் நடந்தது 50 வருடமானாலும் உரிமை ஆகாது. தாத்தா காலம் என்று புரோக்கர் சொல்வது பெரும்பாலும் இந்த வகைதான்.

சரி, இதெல்லாம் இல்லையென்றால்? நடுவில் உள்ளவரிடம் பாதை போகும் அந்த நிலப் பட்டையை விலைக்கு வாங்கிவிடுங்கள். 12 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 3,600 சதுர அடி, எட்டேகால் சென்ட். அவர் ரோட்டோர விலையைவிடக் கூடவே கேட்பார். கொடுங்கள். விற்க மனமில்லை என்றால், போய்வரும் உரிமையை மட்டும் அகலம் நீளம் குறித்து, வரைபடம் வைத்து, பத்திரமாகப் பதிவு செய்து வாங்குங்கள். உங்களுக்கு விற்பவர் எழுதும் பத்திரத்தில் "மாமூல் வழிநடைப் பாத்தியங்கள் சகிதம்" என்று ஒரு வரி வரும். பத்திர எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் வரி அது. அதைக் காட்டி "பாதை பத்திரத்திலேயே இருக்கு" என்பார்கள். அடுத்தவர் நிலத்தில் உள்ள பாதையை உங்களுக்கு எழுதித் தர விற்பவர் யார்?

இந்தப் புரோக்கர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊரை விட்டு ஊர் வந்து நிலம் கேட்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதனால் நிலத்துக்காரரிடமோ பக்கத்துக் காட்டுக்காரரிடமோ தனியாகப் பேச விடமாட்டார். நிலத்துக்காரருக்கு ஏக்கர் 11 லட்சம் என்றும் உங்களுக்கு 14 லட்சம் என்றும் சொல்லி நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வது சர்வசாதாரணம். அதற்கு மேல் இரண்டு பக்கமும் கமிஷன். எல்லை எது என்றால் கையை நீட்டி "அந்தப் பனைமரம் வரைக்கும்" என்பார். "பெங்களூர்ப் பார்ட்டி நாளைக்கு வருது" என்பார். சும்மா ஒரு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி முன்பணத்தை வாங்கிக்கொள்வார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யச் சொல்லிப் பாருங்கள், அவசரமெல்லாம் அடங்கிவிடும். பத்திரத்தில் அரசு நிர்ணயித்த கைடுலைன் மதிப்பை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார்கள். நாளைக்கு உரிமைத் தகராறு வந்தால் எழுதிய தொகைக்குத்தான் கணக்குக் கேட்க முடியும்.

இனி கூட்டுப் பட்டா. நாலு பேரும் வரப்பு போட்டுத் தனித்தனியாக உழுதுகொண்டிருப்பார்கள், ஆனால் காகிதத்தில் பிரிவினை நடந்திருக்காது. பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அவர்கள் பிரித்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கட்டும். அல்லது எல்லோரும் உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும். எல்லோரும் என்றால் பட்டாவில் உள்ள நாலு ஆண்கள் மட்டும் இல்லை. கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளும். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு அதே நிலைதான். 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. "அவங்க கேட்க மாட்டாங்க சார்" என்பார்கள். நிலம் விலை ஏறினால் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட.

பதிவு ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் யாரும் உங்கள் நிலத்தை வந்து பார்ப்பதில்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பதிவு ஒரு துறை, பட்டா இன்னொரு துறை, அளவை வேறொரு துறை. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். உங்கள் 1 ஏக்கர் 80 சென்ட் பட்டாவில் 0.73.0 என்று இருக்க வேண்டும். 1979-இலிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்று பதிவேடுகளைப் புதுப்பித்தபோது விழுந்த பிழைகளுக்கு இன்றைக்கும் சம்சாரிகள் மனுவோடு அலைகிறார்கள். பிழை செய்தது அலுவலகம், அலைவது நிலத்துக்காரர். நிலம் அளக்கும் வேலை பார்த்த ஒருவனாக இதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

அதனால் விலை பேசும் முன்பு அளக்கச் சொல்லுங்கள். எல்லையை அளந்து காட்டக் கேட்கும் எஃப் லைன் மனுவைப் பட்டாதாரர்தான் போட முடியும், வாங்குபவர் போட முடியாது. அரசு சர்வேயர் வருவதற்கு நாளாகும், காத்திருங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்குத் தகவல் போய், அவர்கள் முன்னிலையில் கல் நட வேண்டும். பழைய கற்களை டிராக்டர் பெயர்த்துப் போட்டிருக்கும், கிளுவை வேலி நாலடி நகர்ந்திருக்கும். தனியார் ஆளை வைத்து அளந்தால் உங்கள் திருப்திக்கு ஆகும், பக்கத்துக்காரர் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கிணறு கூட்டாக இருந்தால், அதில் எத்தனையில் ஒரு பங்கு, மோட்டார் ஓட்டும் முறை எந்தக் கிழமை என்று பத்திரத்தில் எழுதுங்கள். இலவச விவசாய மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது, அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

அளந்து, பாதை பத்திரமாகி, கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் யார் என்று தெரிந்த பிறகு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அட்வான்ஸை வங்கி மூலம் நிலத்துக்காரர் கணக்குக்கு அனுப்புங்கள், புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். அதற்குள் பெங்களூர்ப் பார்ட்டி வாங்கிவிட்டால் வாங்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மனைவியும் பஸ் ஏறிப் போய், புரோக்கருக்குச் சொல்லாமல், அந்த முருங்கைக் காட்டுக்காரரைப் பாருங்கள். பட்டையை விற்பாரா மாட்டாரா என்று நேராகவே கேளுங்கள்.