கோட்டைக்குள் தங்கலாமா?

கேள்வி: ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் மக்கள் வசிக்கிறார்களாமே? சுற்றுலா செல்வோர் உள்ளேயே தங்கலாமா?

பதில்: ஆம், 1156-இல் ராஜபுத்திர மன்னர் ராவல் ஜைசல் திரிகூட மலைமீது நிறுவிய அக்கோட்டைக்குள் வீடுகள், கடைகள், கோயில்கள் என ஓர் ஊரே இயங்குகிறது. விடுதிகளும் உண்டு, எனினும், வெளியே தங்குவதே முறை என்பேன். குடத்து நீரைக் கணக்குப் பார்த்துச் செலவழித்த காலத்தில் எழுந்த அக்கோட்டைக்குள் குழாய்நீர் தாராளமாகப் புழங்கத் தொடங்கிய பின், கழிவுநீர் அடிமண்ணில் கசிந்து அடித்தளத்தை இளக்கியதால், கொத்தளங்கள் சில சரிந்தே விட்டன. பாலைவனக் கோட்டைக்குத் தண்ணீரே பகையானது விந்தைதான்! நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மஞ்சள் மணற்கல்லில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட சமணக் கோயில்களுக்கு முற்பகலிலேயே செல்லுங்கள். தோல் இடைவாரையும் பணப்பையையும் அறையிலேயே வைத்துவிடுங்கள், அவற்றுடன் உள்ளே அனுமதியில்லை.