உப்புக்கு என்ன செய்தவன்?

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். போயா நாட்களில் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். எல்லோரும் 11 முதல் 13 வயது. ஒரு புத்தகத்தை முதலே வாசித்துவிட்டு வந்து அதைப் பற்றிக் கதைப்போம். பாதிப் பேர் ஆங்கில மொழிமூலம் படிப்பவர்கள். அதனால் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம், கதைப்பது தமிழ்.

இந்த முறை கேரி போல்சனின் 'ஹாட்செட்'. நீங்கள் வாசித்திருப்பீர்கள். 13 வயது பிரையன், பெற்றோர் பிரிந்த பிறகு, அப்பாவைப் பார்க்கக் கனடாவின் வடக்கே சின்ன விமானம் ஒன்றில் போகிறான். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு. விமானம் காட்டுக்குள் ஓர் ஏரியில் விழுகிறது. அம்மா கொடுத்த கைக்கோடாலி மட்டும் இடுப்பில். 54 நாள் தனியாகச் சமாளிக்கிறான்.

கூட்டம் நான் நினைத்த மாதிரிப் போகவில்லை. ஒரு பையன் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறான். வீட்டுப் பல்கனியில் சமையல் கத்தியைக் கல்லில் அடித்துப் பொறி வருகிறதா என்று பார்த்து, கத்தியின் வாயும் போய், அம்மாவிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான். ஒரு பிள்ளை, "சரியான போர். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றார். நெருப்பு மூட்ட இவ்வளவு பக்கமா?" என்றாள். இன்னொருத்தி ஆமை முட்டையைப் பச்சையாகக் குடிக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள். முடிவு 'கள்ள விளையாட்டு' என்று ஒருவன் சண்டை பிடித்தான். இவ்வளவு பட்டவனை ஒரு விமானம் வந்து சட்டென்று ஏற்றிக்கொண்டு போவதா என்பது அவன் கோபம். வழக்கமாக வாய் ஓயாத ஒரு பிள்ளை அன்று முழுக்கப் பேசவில்லை. செருப்புப் போடும்போது மட்டும், "அவன் ஏன் அப்பாட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

என் அம்மா 2009 வரை வன்னியில் இருந்தவர். அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "உப்புக்கு என்ன செய்தவனாம்?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். "தனியாள்தானே. தனியாள் எண்டா தப்பலாம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நான் கதையை மாற்றிவிட்டேன்.

பிழையான புத்தகத்தைத் தெரிவுசெய்துவிட்டேனா? அடுத்த முறை, இதில் கற்ற படிப்பினை என்ன என்று எழுதித் தரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எப்படிக் கேட்பது?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கடைசிக் கேள்வி. எழுதித் தரச் சொல்லாதீர்கள். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சாகசக் கதையைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்து, படிப்பினை எழுத வைத்து, தாள்களைக் கட்டாக என் கையில் தந்தார்கள். எல்லாத் தாளிலும் 'விடாமுயற்சி'. ஒருவன் மட்டும் 'விடாமுயச்சி' என்று எழுதியிருந்தான். பக்கத்துத் தாளைப் பார்க்காமல் எழுதியவன் அவன் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் நடந்தது அதைவிட எவ்வளவோ மேல்.

போர் என்று சொன்ன பிள்ளையிடம் அடுத்த புத்தகத்தைத் தெரிவுசெய்யும் பொறுப்பைக் கொடுங்கள். அவள் சொன்னது உண்மை. போல்சன் ஒரு சொல்லைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். பசி என்று ஒரு வரியில் வந்தால் அடுத்த வரியிலும் பசி, அதற்கடுத்ததிலும் பசி. வசனங்கள் துண்டு துண்டாக வரும், சில இடத்தில் ஒரு சொல்லே ஒரு வசனம். தனியே கிடக்கிறவன் மண்டைக்குள் எண்ணம் அப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும் என்பது அவர் கணக்கு. எனக்கு அது பிடிக்கும். அவளுக்குப் பிடிக்கத்தான் வேண்டும் என்று சட்டமில்லை. இந்த வயதில் ஓர் எழுத்தாளரின் கைப்பழக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எங்களிடையே மதிப்புரை எழுதுகிற சிலர் அறுபது வயதிலும் கதைச் சுருக்கத்தைத் தாண்டி வருவதில்லை.

ஆனால் நெருப்பு மூட்டும் பகுதியில் எனக்கும் அவளுக்கும் வழக்கு இருக்கிறது. முள்ளம்பன்றி ஒன்று இரவில் குகைக்குள் வர, பயத்தில் கோடாலியை இருட்டுக்குள் எறிகிறான். அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. காலில் முள் ஏறிய நோவில், அந்தப் பொறி என்ன சொல்கிறது என்று அப்போது அவனுக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகும் நெருப்பு வரவில்லை. காய்ந்த புல்லை வைத்துப் பார்க்கிறான், பிடிக்கவில்லை. சட்டைப்பையில் கிடந்த 20 டொலர் தாளைக் கிழித்துப் போடுகிறான், அதுவும் இல்லை. (காசு எரிக்கக்கூட உதவாத ஓர் இடம்! நான் அதில் நெடுநேரம் நின்றேன்.) பிறகு பேர்ச் மரத்தின் பட்டையை மயிர் மயிராக உரித்துக் குருவிக்கூடு மாதிரிச் செய்கிறான். பொறி அதில் விழுந்து மினுங்கி அணைகிறது. அதற்குக் காற்றும் வேண்டும் என்று கடைசியாகத்தான் பிடிபடுகிறது. குனிந்து ஊதுகிறான். இதை நாலு வரியில் எழுதியிருந்தால் பல்கனிப் பையன் கத்தியை எடுத்திருக்கவே மாட்டான்.

அவனுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். பிழை அவனிடம் இல்லை, கத்தியிடம். இப்போதைய சமையல் கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கு. கடினமான கல்லில் அடிபட்டுச் சீவுப்படும் இரும்புத் துகள் காற்றில் பற்றி எரிவதுதான் பொறி. துருப்பிடிக்கிற பழைய இரும்பு பற்றும், பிடிக்காதது லேசில் பற்றாது. துருவும் இரும்பு காற்றோடு சேர்வதால் வருவதுதான். அது மாதக் கணக்கில் நடக்கிறது, இது கண் மூடித் திறப்பதற்குள். போல்சனும் கோடாலியைக் கல்லில் அடித்துத் தானே நெருப்பு மூட்டிப் பார்த்த பிறகுதான் எழுதினாராம். பேர்ச் பட்டைக்கு வெள்ளவத்தையில் எங்கே போவது என்று பையன் கேட்டால், தேங்காய்த் தும்பைக் காட்டுங்கள். நான் சின்னவனாக இருந்தபோது பெட்டிக்கடை வாசலில் தும்புக்கயிறு ஒன்று நாள் முழுக்கக் கனன்றுகொண்டு தொங்கும், சுருட்டுப் பற்றவைக்க. ஆனால் பல்கனியில் வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் உடுப்புக் காயப்போட்டிருப்பார்.

ஆமை முட்டையில் புத்தகத்தை மூடிய பிள்ளை ஆசிரியரின் பக்கம்தான். 2001இல் வந்த 'கட்ஸ்' என்ற தன் அனுபவ நூலில், தானும் ஆமை முட்டையைப் பச்சையாகச் சாப்பிட முயன்றதாகவும், உள்ளே தங்கவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். பிரையனால் முடிந்தது என்றால், அவனுக்குத் தன்னைவிடப் பசி அதிகம் என்பது அவர் சொல்லும் சமாதானம். நம்முடைய கடற்கரையில் ஆமை முட்டையைத் தொடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் பல்கனிப் பையன் காதில் போட்டு வையுங்கள். அவனை நம்ப முடியாது.

இனிக் 'கள்ள விளையாட்டு'. ஏரியில் மூழ்கிய விமானத்திலிருந்து அவசரகாலப் பையை மேலே எடுத்த பிறகு, அதில் இருந்த ஒரு ரேடியோக் கருவியின் சுவிட்சைப் பிரையன் தட்டுகிறான். வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒரு பக்கம் வைத்துவிடுகிறான். அது சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சமிக்ஞையைக் கேட்டுத்தான் மென்மயிர் வாங்கித் திரியும் ஒருவர் விமானத்தை இறக்குகிறார். ஆகவே வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் பையனின் கோபம் அவனுடையது மட்டுமில்லை. நாவல் 1987இல் வந்தது. வாசித்த பிள்ளைகள் பலர் போல்சனுக்குக் கடிதம் எழுதினார்கள், பிரையனை அவசரப்பட்டுக் காப்பாற்றிவிட்டீர்கள், உண்மையான சோதனை குளிர்காலம் அல்லவா என்று. மனுஷன் அதைக் கேட்டார். விமானம் வராமலே போயிருந்தால் என்ன ஆகும் என்று வைத்து 1996இல் 'பிரையன்ஸ் வின்டர்' என்று ஒரு முழு நாவல் எழுதினார். 1991இல் வேறொரு தொடர்ச்சி வந்துவிட்டது. அதில் பிரையன் மீட்கப்பட்டவன். ஒரே பையன் ஒரு புத்தகத்தில் வீடு போய்ச் சேர்கிறான், இன்னொன்றில் பனிக்குள் நிற்கிறான். பிள்ளைகள் கேட்டால் எழுத்தாளன் தன் முடிவையே ஒதுக்கி வைக்கிறான். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, முன்னுரை எழுதித் தர முடியுமா என்று கேட்பவை.

செருப்புப் போடும்போது கேட்ட பிள்ளையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அம்மாவைப் பற்றி ஒன்றைப் பிரையன் கண்டுவிட்டான், அதை 'இரகசியம்' என்று மனதுக்குள் வைத்துக்கொண்டே முழுக் காட்டையும் கடக்கிறான். திரும்பி வந்த பிறகும் அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று போல்சனும் விளக்கவில்லை. நீங்களும் விளக்காதீர்கள். அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். அடுத்த போயாவுக்கும் அவள் வந்தால் சரி.

இப்போது உங்கள் அம்மா.

இவ்வகைக் கதைகளில் ஆசிரியர் முதல் வேலையாகக் கதாநாயகனைத் தனியாக்கிவிடுவார். விமானி செத்துப்போவார், அல்லது கப்பல் உடைந்து மற்றவர்கள் மூழ்குவார்கள். அதற்குப் பிறகுதான் காடு சாகசமாகும். இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் பின்னால் நடக்கமாட்டாத ஒரு கிழவியும் இருந்தால் கதை இந்த அலுமாரியில் நிற்காது. நான் இந்த நாவலை மருதானையில், டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கி மூன்று தரம் வாசித்தவன். எனக்கு இது தோன்றியதில்லை. உங்கள் அம்மா அடுப்படியில் நின்றபடி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

உப்பும் அப்படித்தான். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் கைதியாக இருந்தவர். 1679இல் ஒரு கூட்டாளியோடு தப்பி, அனுராதபுரத்துக் காடுகளுக்குள்ளால், நாங்கள் அருவியாறு என்கிற மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். என்ன கொண்டு போனோம் என்று 1681இல் வந்த தன் நூலில் பட்டியல் போட்டிருக்கிறார். கத்தி, சின்னக் கோடாலி, அரிசி, மிளகு, சமைக்க ஒரு சட்டி, தண்ணீர் அள்ளச் சுரைக்குடுவை, மழைக்குக் கூடாரமாகப் பிடிக்கத் தாளிப்பனை ஓலை, ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு மூன்று சிக்கிமுக்கிப் பெட்டி. அப்புறம் உப்பு.

பிரையன் வானத்திலிருந்து விழுந்தவன், நொக்ஸ் மூட்டை கட்டியவர். உங்கள் அம்மாவின் கேள்வி மூட்டை கட்டியவரின் கேள்வி.

நீங்கள் கதையை மாற்றியதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் மாற்றியிருப்பேன். அவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகள் நடுவில் உட்காரவைத்து, 'அம்மம்மாவின் அனுபவம்' என்று ஒரு நிகழ்ச்சியாக்கவும் வேண்டாம். அது அவருக்கும் பாரம், பிள்ளைகளுக்கும் ஒரு பாடமாகிவிடும். ஆனால் சிரித்த பிள்ளைகளில் ஒன்றாவது, தண்ணி குடிக்கிற சாட்டில் அடுப்படிக்குப் போய், "உப்பு இல்லாட்டி என்ன அம்மம்மா?" என்று கேட்கும். அந்த நேரம் நீங்கள் முன்னறையில் யாருக்காவது தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நில்லுங்கள். அவ்வளவுதான்.

அவரிடம் என் சார்பில் ஒன்று சொல்ல முடியுமா? கடைசிப் பக்கத்தில் விமானம் இறங்கியதும், இத்தனை நாளுக்குப் பிறகு கண்ட முதல் மனிதரிடம் பிரையன் தன் பெயரைச் சொல்கிறான். பிறகு, ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறான். இதைக் கேட்டால் அவர் பிரையனைக் கொஞ்சம் மன்னிக்கக்கூடும்.

'பிரையன்ஸ் வின்டர்' என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. முடிவோடு சண்டை பிடித்த பையனுக்குக் கொடுக்கலாம், ஆள் அனுப்புங்கள். பழைய புத்தகக் கடையில் எடுத்தது, கடைசி நாலைந்து தாள் இல்லை. அவனுக்கு அது வசதியாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.