ஆண்டு எழுதாத சிப்பாய்ப் பெட்டி: வாங்குவோர் கேள்வி-பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிப்பாய்ப் பொம்மைகளை வாங்கிச் சாயம் தீட்டும் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கடிதங்கள் இங்கே சுருக்கி வெளியிடப்படுகின்றன.

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் தகப்பனாருக்குப் பரிசளிக்க, 'வேலூர் 1806, மெட்ராஸ் சிப்பாய்கள், வரலாற்றுக்குப் பிசகாத சீருடை' என்ற விளம்பரத்தை நம்பி, சாயம் தீட்டிய பன்னிரண்டு பொம்மைகளை இணையத்தில் 240 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். எல்லாம் காக்கி உடுப்பில் வந்தன. கடைக்காரர் பணத்தைத் தர மறுக்கிறார். (சிம்மோர் வாசகி)

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தவர்கள் சிவப்பு மேலங்கி அணிந்த மெட்ராஸ் காலாட்படையினர். அவர்களைக் கொதிக்க வைத்ததே சீருடைதான். தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் ஆணைகள் வந்திருந்தன. காக்கியோ 1846இல் பெஷாவரில் திரட்டப்பட்ட, பிரிட்டிஷ் இந்தியாவின் கைட்ஸ் என்ற படையோடு வந்த உடுப்பு. வேலூரின் பெயரைப் போட்டு, அந்தச் சிப்பாய்கள் எதற்காக உயிரைக் கொடுத்தார்களோ அந்த உடுப்பையே மாற்றி விற்றிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் பணம் செலுத்திய சான்றையும் படமெடுத்து வையுங்கள். சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை விற்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. கடைக்காரருக்கு ஒரு வாரக் கெடு கொடுத்து எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே, வழக்கறிஞரும் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள்.

கேள்வி: மழை பெய்துகொண்டிருந்தபோது வீட்டு ஐந்தடியில் வைத்து வார்னிஷ் தெளித்தேன். பொம்மைகள் வெள்ளை பூத்துவிட்டன. கடையில் பணம் திருப்பிக் கேட்கலாமா? (சுங்கை சிப்புட்)

பதில்: கேட்க முடியாது, ஈரக் காற்றில் தெளித்தது நீங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் காலாட்படைக்கு ஒரே சிவப்புச் சாயப் புட்டி போதும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா? (கோலகங்சார்)

பதில்: போதாது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரே புட்டிப் பழக்கத்தால் எத்தனையோ நல்ல பொம்மைகள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். நெப்போலியன் காலத்திலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும், சாதாரணச் சிப்பாயின் கோட்டுத் துணி மஞ்சிட்டி வகை வேரால் சாயமேற்றப்பட்டு, செங்கல் நிறத்தை ஒட்டி மங்கலாக இருந்தது. மழையும் வெயிலும் பட்டால் இன்னும் வெளுத்தது. அதிகாரியின் கோட்டு கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தால் பளிச்சென்று சிவந்தது. ஆகவே சிப்பாய்க்குச் சிவப்போடு சிறிது பழுப்பைக் கலக்க வேண்டும். அதிகாரிக்குத் தூய சிவப்பு. அடுத்து, காலரையும் கைமுனையையும் பாருங்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி நிறம் இருந்தது. அரச பட்டம் பெற்ற பிரிவுகளுக்குக் கருநீலம். 1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அரச பட்டம் இல்லாத இங்கிலாந்து, வேல்ஸ் பிரிவுகளுக்கு வெள்ளையும் ஸ்காட்லாந்துக்கு மஞ்சளும் அயர்லாந்துக்குப் பச்சையும் என்று பொதுவாக்கினார்கள். ஆண்டும் படைப்பிரிவும் தெரியாமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். 1854 செப்டம்பரில் கிரைமியாவில் நடந்த அல்மா போர் என்று எழுதிய ஒரு தொகுதியை 310 ரிங்கிட்டுக்கு வாங்கி, இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து சாயம் தீட்டி முடித்த பிறகே, பொம்மைகள் அணிந்திருந்த இரட்டை வரிசைப் பொத்தான் மேலங்கி 1855இல்தான் வந்தது என்று அறிந்தேன். அல்மாவில் சண்டையிட்டவர்கள் அணிந்தது முன்புறம் இடுப்போடு நின்று பின்புறம் வால் தொங்கும் பழைய கோட்டு. வார்த்த உலோகத்தில் இருக்கும் பிழையை எந்தச் சாயத்தாலும் மறைக்க முடியாது. அன்றிலிருந்து, ஆண்டும் படைப்பிரிவும் எழுதாத பெட்டியை நான் வாங்குவதில்லை.

கேள்வி: என்னிடம் 54 மில்லிமீட்டர் பொம்மைகள் உள்ளன. புதிதாக வாங்கிய பெட்டியில் 1/72 (ஆள் உயரத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) என்று போட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. இப்போது அவை பாதி உயரம்கூட இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (சுங்கை சிப்புட்)

பதில்: இல்லை. பெட்டியின் மேலேயே அளவு அச்சிட்டிருந்ததாக நீங்களே எழுதுகிறீர்கள். போன மாதம் கேட்டவரும் இதையே எழுதினார். 54 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 1/32. பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைப் படியுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் 90 ரிங்கிட்டுக்குத் தூரிகைகள் வாங்கினேன். 9 ரிங்கிட் கூடுதலாகப் பிடித்தார்கள். (சிம்மோர்)

பதில்: முறையான வரிதான், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு.

கேள்வி: நெப்போலியனின் காலாட்படை நீல உடுப்பு அணிந்தது என்று படித்திருக்கிறேன். எனக்கு வந்த தொகுதியில் சாயம் தீட்டிய பிரெஞ்சுச் சிப்பாய்கள் வெள்ளைக் கோட்டில் நிற்கிறார்கள். திருப்பி அனுப்பட்டுமா, ஐயா? (கல்லூரி மாணவர், கோலகங்சார்)

பதில்: அவசரப்படாதீர்கள், தம்பி. பிரிட்டனுடன் நடந்த போரால் கடல் வழியாக வந்த அவுரி நீலத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால், 1806இல் நெப்போலியன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டை ஆணையிட்டார். சில படைப்பிரிவுகள் அதை அணிந்தன. வெள்ளையில் அழுக்கும் இரத்தமும் அப்பட்டமாகத் தெரிந்தன. 1807இல் ஆணை கைவிடப்பட்டு நீலமே திரும்பியது. உங்கள் பெட்டியில் 1806 அல்லது 1807 என்று இருந்தால், விற்றவர் விவரம் தெரிந்தவர். 1812 என்றோ வாட்டர்லூ என்றோ இருந்தால் இன்றே திருப்பி அனுப்புங்கள்.