அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா வந்தவர்கள் எத்தனை ஆண்டுகள் உயிர் வாழ்வார்கள்?

அப்பாவின் மேலண்ணத்தில் இந்தப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த அன்றே, ஐந்தாண்டுக்குப் பின்னும் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்ற ஐந்தாண்டுக் கணக்கைத் தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். 2012இல் என் அம்மாவுக்கு இதே இடத்தில் இதே நோய் வந்தபோது, மும்பை மாட்டுங்கா வீட்டில் விடியவிடிய விழித்திருந்து நானும் அதைத்தான் தேடினேன். நான் மருத்துவன் அல்லன். அருகிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் இந்த அரிய நோய் நிதானமாக வளர்வது. ஐந்தாண்டைக் கடந்து விடுபவர்களே மிகுதி. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடியது என்பதால், அந்த ஐந்தாண்டுக் கணக்கை வைத்து அச்சப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது.

அறுவைக்குப் பின் வந்த அறிக்கையில் மூன்று வரிகளை அறுவை மருத்துவர் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். முதலாவது, திசுவின் அமைப்பு: சல்லடைக் கண் போன்றிருந்தால் ஓரளவு சாதகம், இடைவெளியின்றிக் கெட்டியாக இருந்தால் பாதகம். அம்மாவுக்குச் சல்லடை. இரண்டாவது, வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்பது. அம்மாவுக்கு மயிரிழையில் தப்பியிருந்தது. மூன்றாவதுதான் என்னை இன்றும் உறுத்துவது: நோய் நரம்பைப் பற்றிக்கொண்டு ஊர்ந்திருந்தது. கன்னம் மரத்துப்போகிறது என்று எட்டு மாதங்களாக அம்மா சொல்லிக்கொண்டே இருந்தும், பல் மருத்துவர் ஒருவர் சீழ் என்று முடிவுகட்டி இரண்டு பற்களைப் பிடுங்கியதோடு சரி. அந்த மரப்பு நரம்பின் குரல் என்பது எங்களுக்கும் தெரியாதுதான். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

உறவினர்களோ, "அக்கா வெற்றிலையோடு புகையிலை போடுவாரோ?" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். வாய்ப்புற்று என்றாலே புகையிலை என்று பழகிப்போன ஊர் இது. இந்த வகைக்கும் புகையிலைக்கும் உறுதியான தொடர்பு காணப்படவில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சலித்துப்போனேன்.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அறுவையால் அண்ணத்தில் விழுந்த ஓட்டையை மூடும் தகட்டை அம்மா இரவுதோறும் கழற்றி, எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டுவைப்பார். 2019இல் நுரையீரலில் சிறு முடிச்சுகள் தென்பட்டன. உடனே கீமோ என்று பதறினோம்; மெதுவாக வளர்பவை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். இன்றும் அப்படித்தான் பார்த்துவருகிறோம். எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் கையில் இருப்பது பயாப்ஸி முடிவு மட்டுமே. விளிம்பைப் பற்றிய வரி அறுவைக்குப் பிறகே எழுதப்படும். அதுவரை யாரிடமும் ஆண்டுக் கணக்குக் கேட்காதீர்கள். கன்னமோ உதடோ மரத்துப்போகிறதா என்று மட்டும் அப்பாவிடம் இன்றே கேட்டு, அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.