எலிமினேஷன் டயட்டில் இருக்கும்போது மசாலா பாக்கெட்டை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒத்துக்கொள்ளாத உணவு எது என்று தெரிந்துகொள்ள, சந்தேகப்படுவதையெல்லாம் சில வாரம் நிறுத்திவிட்டு அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் எலிமினேஷன் டயட். ஒழுங்காக இருந்தும் பலன் தெரியவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன மசாலா, என்ன சாஸ் போட்டுச் சமைக்கிறீர்கள் என்றுதான். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

கேள்வி: மூன்று வாரமாகப் பூண்டும் வெங்காயமும் வீட்டில் கிடையாது. வயிற்று உப்புசம் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் பூண்டு காரணம் இல்லைதானே?

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அலமாரியில் இருக்கும் பாக்கெட்டுகளை எல்லாம் மேஜையில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். சூப் க்யூப், இறைச்சியில் தடவும் மசாலா, சிப்ஸ் மேல் தூவும் தூள், பாட்டில் சாஸ் என்று நிறையப் பொருட்களில் பூண்டுத் தூளோ வெங்காயத் தூளோ இருக்கும். தூள்தானே, துளியூண்டுதானே என்று தோன்றும். ஆனால் அது தண்ணீர் வற்றிய பூண்டு, அதனால் உப்புசத்துக்குக் காரணமான ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து அதில் செறிந்திருக்கும். ஃப்ரக்டான் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகிறது. இப்படிச் சரியாகச் செரிக்காமல் புளிக்கும் மாவுச்சத்து வகைகளை ஃபாட்மேப் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் குறைந்த உணவுமுறையில் பூண்டும் வெங்காயமும் முதலில் விலக்கப்படுவது இதனால்தான்.

பூண்டு வாசனை இல்லாமல் சாப்பிட முடியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கிவிட்டு, ஒரு துண்டுகூட விடாமல் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் சமைக்கலாம். சூப்பில் போட்டுக் கொதிக்கவிட்டு எடுப்பது உதவாது, அதற்குள் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். வெளியே வைத்துச் சேமித்தால் பொட்யூலிசம் என்ற கடுமையான நச்சுநோய் வரும் ஆபத்து உண்டு.

கேள்வி: லேபிளில் வெறுமனே "மசாலாப் பொருட்கள்" என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

விலக்கும் வாரங்களில் வாங்காதீர்கள். பல நாடுகளின் விதிகள் இப்படிப் பொதுப்பெயர் போடுவதை அனுமதிக்கின்றன. உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு உணவில் மசாலாக்களின் மொத்த எடை 2 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் "மசாலா" என்ற ஒரே சொல் போதும். கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம், நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் "அலர்ஜி தரும் பொருள் ஏதாவது உண்டா" என்று கேட்டால், லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய அலர்ஜிப் பொருட்களின் சட்டப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். "இதில் பூண்டு இருக்கிறதா, கடுகு இருக்கிறதா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அந்தச் சட்டப் பட்டியலும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 வகை, கடுகும் செலரியும் அதில் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் 9தான், அதில் இவை இரண்டும் இல்லை. எள்கூட 2023-இல்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆகவே பாக்கெட்டில் எச்சரிக்கை வரி இல்லை என்பதை வைத்துக் கடுகு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

கேள்வி: எம்எஸ்ஜி சேர்க்காதது என்று பார்த்துத்தான் வாங்கினேன், ஆனாலும் தலைவலி வருகிறது.

எம்எஸ்ஜி என்பது மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவைகூட்டி, லேபிளில் 621 என்ற எண்ணாக வரும். அதைச் சேர்க்காமலே ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், சோயா சாஸ் தூள் வழியாக அதே குளுட்டமேட் வரும். 627, 631, 635 என்ற சுவைகூட்டி எண்கள் இருந்தால் குளுட்டமேட் பக்கத்திலேயே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் வைத்துச் சோதித்த ஆய்வுகளில், எம்எஸ்ஜியால் வருவதாகச் சொல்லும் தொல்லைகள் ஒரே மாதிரி திரும்ப வரவில்லை. அதனால் அதன் மேலேயே பழியைப் போட்டுவிடாமல் சல்ஃபைட் என்ற பதப்படுத்தியையும் பாருங்கள், லேபிளில் 220 முதல் 228 வரையான எண்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கேள்வி: மால்டோடெக்ஸ்ட்ரின், சிலிக்கன் டைஆக்சைடு?

பெரும்பாலானவர்கள் இந்த இரண்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். முதலாவது ஸ்டார்ச்சிலிருந்து எடுப்பது; இரண்டாவது, மசாலாத் தூள் கட்டியாகாமல் இருக்கப் போடுவது.

கேள்வி: மகனுக்கு ஒருமுறை எள் சாப்பிட்டு உதடு வீங்கியது. டயட் முடிந்ததும் எள் கலந்த மசாலாவைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். இது ஒத்துக்கொள்ளாமை இல்லை, அலர்ஜியாக இருக்கலாம். அலர்ஜி மருத்துவரின் மேற்பார்வையில் மட்டும்தான் சோதிக்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்திய பிறகு திரும்பக் கொடுத்தால் முதல்முறையைவிடக் கடுமையாகவும் வரலாம். லேபிள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் இருந்துவிட முடியாது. 2014, 2015-இல் அமெரிக்காவில் சீரகத் தூளில் லேபிளில் இல்லாத வேர்க்கடலைப் புரதம் கண்டுபிடிக்கப்பட்டு ஏராளமான பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள். அலர்ஜி உள்ள வீட்டில் முழு மசாலாவாக வாங்கி, பார்த்துப் புடைத்து, நீங்களே அரைப்பது நல்லது.

கேள்வி: திரும்பச் சேர்க்கும்போது பழைய மசாலா பாக்கெட்டையே போட்டுப் பார்க்கலாமா?

அதில் பூண்டு, மிளகாய், சோயா மூன்றும் இருந்து வயிறு வலித்தால் எதனால் என்று எப்படிச் சொல்வீர்கள்? மிளகாயின் காரமே சிலருக்கு வயிற்றைக் கிளறும். பூண்டை மட்டும் தனியாக, மூன்று நாள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சாப்பிடுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள், வயிறு பழைய நிலைக்கு வந்த பிறகு அடுத்த பொருள். எல்லாம் முடிந்து பழைய பாக்கெட்டுக்குத் திரும்பும்போதும் புதிதாக வாங்கியதன் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். ஒரே பெயர், ஒரே அட்டை, உள்ளே கலவை மாறியிருக்கலாம்.