சம்பளக் கணக்கை வெளியே கொடுக்கும் முன்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியை அப்பாவுக்குப் பிறகு நான் நடத்துகிறேன். 64 பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமானவரி) எல்லாவற்றையும் அப்பா காலத்துக் கணக்கர் ஒருவரே பார்க்கிறார். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சென்ற ஆண்டு நான்காம் காலாண்டு டி.டி.எஸ். அறிக்கை தாமதமானதற்கு ரூ.8,400 கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்குப் பிடித்த வரி, அவர் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் பதிவில் இன்றுவரை ஏறவில்லை. இந்தத் தீபாவளி போனஸ் கணக்கை முடித்துவிட்டு விலகிக்கொள்வதாக மாமா சொல்கிறார். சம்பள வேலையை ஒரு வெளி நிறுவனத்திடம் கொடுக்க நினைக்கிறேன். தலைக்கு மாதம் இவ்வளவு என்று கேட்கிறார்கள். எங்கள் ஆடிட்டரோ, தன் ஆபீஸிலேயே செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிட்டால் இந்த நோட்டீஸ் தொல்லை தீருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: கொடுங்கள். 64 பேர் சம்பளமும் ஒரே மனிதரின் நினைவில் ஓடுவது அவர் விலகாவிட்டாலும் ஆபத்துதான். ஆனால் நோட்டீஸ் தொல்லை தீருமா என்றால், அதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

அந்த 8,400 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய். அப்படியானால் 42 நாள் தாமதம். மே 31-க்குள் போக வேண்டியது ஜூலை 12-இல் போயிருக்கிறது. ஏன்? முதல் மூன்று காலாண்டு அறிக்கைகளில் பிடித்த வரியும் கட்டிய செலானும் இருந்தால் போதும். நான்காவதில் வரி பிடித்த ஒவ்வொருவரின் முழு ஆண்டுச் சம்பளமும் பிரித்துக் காட்டப்பட வேண்டும்: படிகள், வீட்டு வாடகைப்படி விலக்கு, கழிவுகள், பழைய வரி முறையா புதியதா, ஆண்டின் நடுவில் சேர்ந்தவர் என்றால் முந்தைய கம்பெனியில் வாங்கியது. வாடகை ரசீதும் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வராமல் மாமா காத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். வெளி நிறுவனம் வந்தாலும் அந்த ரசீது தானாக வந்துவிடாது. மாவு மில்லுக்கு அனுப்பும் முன் அரிசியில் கல் பார்ப்பது வீட்டு வேலைதானே?

இன்னொன்று. 64 பேரில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000-ஐயும் சேர்த்து ஆண்டுச் சம்பளம் ரூ.12.75 லட்சம் வரை வரி இல்லை. எனவே உங்கள் கம்பெனியில் ஐந்தாறு பேர் தேறினால் அதிகம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மட்டும்தான் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மாதாமாதம். தலைக்கு இவ்வளவு என்று கேட்பவரிடம் அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். ஊழியருக்குத் தரும் ஆண்டு டி.டி.எஸ். சான்றிதழ் (பழைய ஃபார்ம் 16), திருத்த அறிக்கை, நோட்டீஸுக்குப் பதில், விலகுபவரின் கடைசிக் கணக்கு ஆகியவை அதில் இல்லையென்றால் அது மலிவு விலை இல்லை. மொபைல் ஆப், செல்ஃபி வருகைப்பதிவு எல்லாம் காட்டுவார்கள். ஃபவுண்டரியில் கைரேகை மெஷினே பாதி நாள் விரலை ஏற்பதில்லை. அதில் மயங்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். வேலையைத்தான் வெளியே கொடுக்க முடியும், பொறுப்பைக் கொடுக்க முடியாது. வரி பிடிப்பவருக்குத் துறை தரும் டான் எண் உங்கள் கம்பெனியுடையது. பிடித்த வரியைக் கட்டத் தவறினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி உங்களுக்குத்தான் வரும். 'வெளியே கொடுத்திருந்தேன்' என்பதை வருமானவரித் துறை காதில் போட்டுக்கொள்ளாது. அதனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணம் அவர்கள் கணக்கு வழியாகப் போகக் கூடாது. செலானை அவர்கள் தயாரிக்கட்டும், வரி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அரசுக்குப் போக வேண்டும். ஒரே தொகையாக எங்களுக்கு அனுப்பிவிடுங்கள், நாங்கள் பிரித்துக் கட்டிவிடுகிறோம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அடுத்து, ட்ரேசஸ் (டி.டி.எஸ்.ஸுக்கான அரசுத் தளம்), வருமானவரி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. தளங்களில் பதிவான மொபைலும் மின்னஞ்சலும் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். நோட்டீஸ் வருவது அந்த முகவரிக்குத்தான். அது வேறொருவரின் இன்பாக்ஸில் தூங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது கம்பெனி சார்பில் கணினியில் கையெழுத்திட உதவும் பென்டிரைவ் போன்ற கருவி. நம் ஊரில் பல கம்பெனிகளின் டோக்கன் யாரோ ஒருவருடைய ஆபீஸ் டிராயரில் பாஸ்வேர்ட் ஒட்டியபடி கிடக்கிறது. உங்களுடையது உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் அவசியம். அவர்கள் தவறால் வரும் தாமதக் கட்டணமும் வட்டியும் அவர்கள் பொறுப்பு. பிரிந்து போனால் எல்லா ஊழியர் விவரமும் எக்செல் வடிவில் திரும்ப வர வேண்டும். ஆட்களின் பான், ஆதார், வங்கி எண், சம்பளம் எல்லாம் அவர்களிடம் போகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைக் கையாள வேறொருவரை அமர்த்தினாலும் பொறுப்பை உங்களிடமே வைக்கிறது.

ஆடிட்டர் விஷயத்தில் கொஞ்சம் கவனம். உங்கள் கம்பெனியின் சட்டப்படியான தணிக்கையாளர் அவரே என்றால், அதே கம்பெனிக்குக் கணக்கெழுதும் சேவையை அவர் தரக் கூடாது என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144ஆம் பிரிவு சொல்கிறது. சம்பளப் பட்டியல் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் வருகிறது. செய்வதும் அவர், தணிக்கை செய்வதும் அவர் என்றால் தவறை யார் கண்டுபிடிப்பது? அவரைத் தணிக்கையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எப்போது மாற்றுவது? ஏப்ரல்தான் சுத்தம், ஆனால் மாமா அதுவரை இருக்கப் போவதில்லை. எனவே அக்டோபர் 1-இலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் காலாண்டு அன்று தொடங்குகிறது. ஈ.எஸ்.ஐ.யின் பங்களிப்புக் காலமும் அன்றுதான் புதிதாகத் தொடங்குகிறது: சம்பளம் 21,000-ஐ இடையில் தாண்டியவரும் செப்டம்பர் 30 வரை திட்டத்தில் தொடர வேண்டும், அக்டோபரில் அவர் பெயரை எடுத்துவிடலாம். நம் மாநிலத் தொழில்வரியின் இரண்டாம் அரையாண்டும் அதே நாளில் தொடங்குகிறது. இரண்டாம் காலாண்டு அறிக்கைக்குக் கெடு அக்டோபர் 31. அதை மாமாவே போட்டுவிடட்டும். அக்டோபர் சம்பளத்தை இருவரும் தனித்தனியே போட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் வரும் இடங்களில்தான் மாமா மனசில் மட்டும் இருக்கும் விதிகள் வெளியே வரும்: இவருக்கு அட்வான்ஸ் பிடித்தம், அவருக்கு நைட் ஷிஃப்ட் படி, இன்னொருவருக்கு அப்பா வாய்மொழியாகச் சொன்ன சலுகை.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொருவருக்கும் கொடுத்த சம்பளம், பிடித்த வரி, பி.எஃப். ஆகியவற்றின் தொகுப்பை மாமா கையெழுத்துடன் வாங்கி வையுங்கள். இது இல்லாமல் நடு ஆண்டில் மாற்றினால், மே மாதம் போடும் அறிக்கையில் அரை வருடச் சம்பளம் காணாமல் போகும்.

சட்டமும் இந்த நேரத்தில் மாறியிருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம். சம்பளத்தில் வரி பிடிக்கும் பழைய 192ஆம் பிரிவு இப்போது 392. அதற்கு முன்பே, 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கில் வரும். உங்கள் சம்பள அமைப்பை இதற்கு ஏற்ப எப்படி மாற்றுவீர்கள் என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாமாவின் மனசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தீபாவளிக்குப் பிறகு மாதத்தில் இரண்டு நாள் அவரை வரச் சொல்லுங்கள், அதற்குத் தனி ஊதியத்தோடு. வரி கட்ட ஏழாம் தேதி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.க்குப் பதினைந்தாம் தேதி. அதற்கு முன் அவர் ஒருமுறை பட்டியலைப் பார்த்தால், வேலையை விட்டுப் போனவர் பெயரில் சம்பளம் ஏறியிருப்பது அவர் கண்ணில்தான் முதலில் படும்.

இதற்கெல்லாம் முன்பாக உங்கள் மேனேஜர் விஷயத்தை முடியுங்கள். பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது செலானோடு பொருந்தியிருக்காது. ட்ரேசஸ் தளத்தில் அந்தக் காலாண்டின் பிழை அறிக்கையை இறக்கிப் பார்த்துத் திருத்த அறிக்கை போட வேண்டும். புதியவர்கள் வந்து பழைய ஆண்டைக் கையில் எடுக்கத் தயங்குவார்கள்; எடுத்தாலும் தனிக் கட்டணம் கேட்பார்கள். மாமா இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.