வாசகர் கேள்வி – பதில்: பூமலையில் நடையும் ஓட்டமும்

கேள்வி: மகன் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காகச் சிங்கப்பூர் செல்லவிருக்கிறேன். அறுபது வயதைக் கடந்த எனக்கு நாள்தோறும் நடக்கும் பழக்கம் உண்டு. அங்குள்ள தாவரவியல் பூங்காவில் நடக்க அனுமதியோ கட்டணமோ உண்டா? எந்த வாசல் வழியாகச் செல்வது நல்லது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அனுமதியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அங்குள்ள தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் அந்தப் பூங்கா, நாள்தோறும் அதிகாலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12 மணிக்கு மூடப்படுகிறது. அதனுள் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது என்பதால், நம் ஊர் வழக்கப்படி ஐந்தரைக்கே புறப்பட்டால் இருட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும். ஏழு மணிக்குச் செல்லுங்கள்.

1859-இல் தோன்றிய இந்தப் பூங்கா 82 ஹெக்டேர் பரப்புடையது. வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடைபாதை வழியாக ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆகும். தெற்கே உள்ள பழைய தங்ளின் பகுதியில் ஏற்ற இறக்கங்கள் அதிகம். ஆகவே, முதல் வாரத்தில் வடக்கே புக்கிட் தீமா பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பொட்டானிக் கார்டன்ஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே அந்த வாசல்தான். கால்கள் பழகிய பிறகு சிம்பொனி ஏரி வரையும், பின்னர் அன்ன ஏரி வரையும் நடையை நீட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: அலுவலகப் பணியாகச் சிங்கப்பூர் செல்கிறேன். வழக்கமாகப் பத்து கிலோமீட்டர் ஓடுபவன் நான். பூங்காவுக்குள் சுற்றுகளாக ஓட முடியுமா? அங்குள்ள மழைக்காட்டுப் பாதையில் ஓடலாமா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஓட முடியும், பலர் ஓடுகிறார்கள். இரு கோடிகளுக்கும் இடையே இரண்டு முறை போய்வந்தாலே எட்டு கிலோமீட்டர் சேர்ந்துவிடும். தொலைவைவிடக் காற்றின் ஈரப்பதத்தைத்தான் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். விடியலுக்கு முன் வெப்பம் குறைவு என்றாலும் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில், பெரும்பாலும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல், இருக்கும். வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிவதால், ஊரில் எளிதாக வரும் வேகம் அங்கே மூச்சு வாங்க வைக்கும். முதல் சில நாள்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மழைக்காட்டில் ஓட வேண்டாம் என்பதே என் கருத்து. பூங்கா உருவாவதற்கு முன்பிருந்தே நிற்கும் ஆறு ஹெக்டேர் காடு அது. ஓடினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், மழை பெய்திருந்தால் பாதையும் வழுக்கும். காட்டுப் பாதையில் ஓடும் ஆசை இருந்தால், பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துச் சுற்றுப்பாதை இருக்கிறது. பூமலைக் காட்டை ஓட்டம் முடிந்த பிறகு நிதானமாக நடந்து பாருங்கள். அப்படியே அங்குள்ள ரப்பர் மரங்களையும் பாருங்கள்: 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கன்றுகள் இங்கு வந்தன, 1888 முதல் பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கும் முறையை இங்குதான் வகுத்தார். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும், அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறியதும் அதன் தொடர்ச்சிதான். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) தாளின் பின்புறத்தில் உள்ள தெம்புசு மரமும் இதே பூங்காவில், தங்ளின் பக்கத்துப் புல்வெளியில் நிற்கிறது.

கேள்வி: நடந்துகொண்டிருக்கும்போது திடீரென மழை பிடித்துக்கொண்டால் மரத்தடியில் ஒதுங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது. உலகிலேயே மின்னல் மிகுந்த இடங்களுள் ஒன்று சிங்கப்பூர். இடியோசை தொலைவில் கேட்கும்போதே கட்டடம் ஒன்றுக்குள் சென்றுவிடுவதே முறை. பெருமரங்களும் விழக்கூடியவை. 2017 பிப்ரவரியில் இப்பூங்காவின் மிகப் பழைய தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலையில் நடப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.